சாவுக்குப் பின்னே இரண்டு தாள்

ஈரச் செண்டுப்பூவும் பழைய புத்தகத்துப் பசையும் சேர்ந்தால் ஒரு வாடை வரும். பூவில் லேசான கசப்பு இருக்கும். பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் துருசு கலந்திருப்பார்கள். அது மூக்குக்குள் போய் நின்றுகொள்ளும். சின்ன வயதில் எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்த வாடைதான். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். அழகாக எழுத வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் மதுரைக்கு மேற்கே, கீழக்குயில்குடியைத் தாண்டி வண்டிப்பாதையில் இருக்கிறது. தோட்டத்தில் நின்றால் சமணமலை தெரியும். அப்போது வெள்ளைக்காரன் ஆண்ட காலம். மந்தையில் கல்தூண் நிறுத்தி ஓடு வேய்ந்த ஒரு சாவடி உண்டு. வழக்குப் பேசுவது, ஆட்டுக்குப் பங்கு பிரிப்பது, மழைக்கு ஒதுங்குவது எல்லாம் அங்கேதான். ஞாயிறு மத்தியானம் மட்டும் அதற்குப் பெயர் 'படிப்பகம்'.

அந்தப் பெயரை வைத்தவர் சந்தானம் அண்ணன். என் அய்யாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மகன். மதுரையில் ஓர் அச்சாபீஸில் எழுத்துக் கோக்கும் வேலை. அங்கே நாள்காட்டி அடிப்பார்கள். அதனால் எந்தப் பெரிய மனிதர் எந்த நாளில் பிறந்தார், எந்த நாளில் இறந்தார் என்பது அவருக்கு மனப்பாடம். அந்தந்த வாரத்துக்கு உரிய ஒருவரைப் பிடித்து, டவுன் நூல்நிலையத்தில் அவரைப் பற்றிய புத்தகத்தை இரவல் வாங்கி, துண்டில் முடிந்துகொண்டு ஞாயிறு காலையில் நடந்தே ஊர் வந்து சேருவார். கூடவே அந்த மனிதரின் படம் ஒன்றும் வரும். அச்சாபீஸில் கழித்துப் போட்ட தாள் அது. மை விலகி விழுந்ததால்தான் கழித்திருப்பார்கள். ஒருவருக்கு மீசை கன்னத்தில் இருக்கும். ஒரு ராணிக்கு உதட்டுச் சிவப்பு தாடையில் இருக்கும். பெரிய மனிதர்கள் எல்லாரும் அப்படித்தான் இருப்பார்கள் என்று நானும் என் தம்பி பாண்டியும் நினைத்திருந்தோம்.

படத்தைத் தூணில் ஒட்டி, செண்டுப்பூ மாலை போட்டு, அதன் கீழே பலகை போட்டு அண்ணன் உட்காருவார். பெரும்பாலும் சீமைக்காரர் கதைகளாகத்தான் இருக்கும். நம் தேசத்து ஆளைப் பற்றி வாசித்தால் போலீஸ் வந்து புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கும். சீமைக்காரர் என்றால் அந்தப் போலீஸ்காரரே தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்து கேட்பார்.

கேட்கிற கூட்டம் சும்மா கேட்காது. எதிர்வீட்டு இருளாயி அத்தைதான் முதல் ஆள்.

"ஏப்பா சந்தானம், இந்தாளு ஊரு ஊரா கப்பல்ல போறானே, இவம் பொண்டாட்டி பிள்ளைக கஞ்சிக்கு என்ன செஞ்சாக?"

"பொஸ்தகத்துல அது இல்ல அத்தை."

"அது இல்லாம என்னத்தடா பொஸ்தகம்? கழுதை மேய்க்கிறவன் கதையிலகூட பொண்டாட்டி வருவா."

சாவடியே சிரிக்கும். அண்ணனும் சிரித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து வாசிப்பார்.

இந்தப் படிப்பகத்துக்கு ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. புத்தகத்தில் அந்த மனிதர் இறக்கும் இடம் வந்ததும் வாசிப்பு நின்றுவிட வேண்டும். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ஊர் அம்பலக்காரர் எழுந்திருப்பார், எல்லாரும் எழுந்திருப்பார்கள். சாவடி வாசலில் ஓர் அண்டாவில் தண்ணீர் இருக்கும். சாவு வீட்டுக்குப் போய் வந்தவர்கள் போல ஆளுக்கு ஒரு செம்பு மொண்டு காலைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். தொடக்கத்தில் ஒருமுறை சந்தானம் அண்ணன், இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்று மேலே வாசிக்கப் போனாராம். அம்பலக்காரர் கையை நீட்டித் தடுத்துவிட்டார்.

"போதும்ப்பா. செத்த மனுசனை செத்த பெறகும் பேரு சொல்லிக் கூப்புட்டுக்கிட்டே இருந்தா, அவரு எப்பிடிப் போயிச் சேருவாரு? மூடு பொஸ்தகத்த."

அண்ணன் மூடிவிட்டார். அதற்குப் பிறகு எந்த வாரமும் சாவைத் தாண்டி வாசித்ததில்லை. புத்தகத்தின் கடைசித் தாள்களில் என்ன இருந்தது என்று அண்ணனைத் தவிர எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது.

புரட்டாசி மாதம், கடலைக்கொடி பிடுங்கும் காலத்தில், நாய்க்கடிக்கு மருந்து கண்ட சீமைக்காரரின் வாரம் வந்தது. பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. 'நாய்க்கடிக்காரர்' என்று சொல்லிக்கொண்டோம். படத்தில் அவருக்கு இரண்டு தாடி. ஒன்று இருக்க வேண்டிய இடத்தில், இன்னொன்று கொஞ்சம் தள்ளி.

அன்றைக்குச் சாவடி நிறைந்திருந்தது. எங்கள் பக்கத்தில் வெறிநாய்க்கடி என்றால் எல்லாருக்கும் தெரியும். கிழக்கே அடுத்த ஊரில் ஒரு 'கடிவைத்தியர்' இருந்தார். பச்சிலை அரைத்துக் கொடுப்பார். என்ன இலை என்று சொல்லமாட்டார். சொன்னால் பலிக்காது என்பார். விடியுமுன் தனியாகப் போய்ப் பறித்து, மடியில் மறைத்துக் கொண்டுவருவார். சாகும்போது மகனிடம் சொல்வதாக இருந்தார். அதற்குள் பேச்சு விழுந்துவிட்டது, செத்தும் போனார். மருந்தும் அவரோடு போயிற்று. எங்கள் அய்யா அவர் சாவுக்குப் போய் வந்தவர்.

அண்ணன் வாசித்தார். ஒரு சின்னப் பையனை வெறிநாய் கடித்துவிடுகிறது. தாய் அவனை அந்தச் சீமைக்காரரிடம் கூட்டிக்கொண்டு வருகிறாள். அவர் அதுவரை மனிதருக்கு அந்த ஊசியைப் போட்டுப் பார்த்ததில்லை. போடவா வேண்டாமா என்று தவிக்கிறார். பாண்டி அய்யாவின் மடியில் இருந்தான். அவனுக்கு ஆறு வயது.

"அந்தப் பய பிழைச்சானாய்யா?" என்றான்.

"கேளுடா, வாசிக்காகல்ல."

பையன் பிழைத்துவிட்டான் என்று அண்ணன் வாசித்ததும் பாண்டி கையைத் தட்டினான். மற்றவர்களும் தட்டினார்கள். இருளாயி அத்தை, "அந்த மகராசன் நல்லாருக்கணும்" என்றாள். கொஞ்ச நேரத்தில் அந்த மகராசன் கிழவராகிப் படுத்தார். இறந்தார். அண்ணன் புத்தகத்தை மூடினார். அன்றைக்குப் பெண்கள் அதிகமாக அழுதார்கள்.

நான் அய்யாவின் விரலைப் பிடித்துக்கொண்டு அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றேன். அண்ணன் உள்ளே புத்தகத்தைத் துண்டில் முடிந்துகொண்டிருந்தார். அய்யா அம்பலக்காரரிடம் கேட்டார்:

"அம்பலக்காரரே, அவரு மருந்த யாருகிட்டயாச்சும் சொல்லிட்டுப் போயிருப்பாரா?"

அம்பலக்காரர் காலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே சொன்னார். "சொன்னா பலிக்குமா? நம்ம வைத்தியரு சொன்னாரா? கைராசிக்காரனோட மருந்து அவங்கூடத்தான் போகும்."

அய்யா தலையை ஆட்டினார். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. படத்துக்கு மாலை போட்டாகிவிட்டது. காலையும் கழுவியாகிவிட்டது.

பங்குனி பிறந்து வெயில் ஏறிவிட்டது. அய்யாவுக்குக் கஞ்சி கொண்டுபோன பாண்டியைக் கண்மாய்க்கரைப் புளியமரத்தடியில் ஒரு நாய் கெண்டைக்காலில் கடித்தது. குரைக்காமல் வந்து கடித்த நாய். வாயில் எச்சில் வடிந்தது. அன்று சாயங்காலமே ஆட்கள் துரத்தி அடித்துக் கொன்றார்கள். என்ன நாய் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. கஞ்சி கொட்டிவிட்டதே என்றுதான் பாண்டி அழுதான்.

ஆத்தா கடிவாயில் மிளகாயை அரைத்து வைத்தாள். அவன் கத்தினான். தகவல் தெரிந்து மறுநாள் என் தாய்மாமன் வந்தார். மாட்டுத்தரகு பார்த்து ஊர் சுற்றுகிறவர்.

"மாப்ள, இதுக்கு ஊசி இருக்குன்னு எங்கயோ கேட்ட மாதிரி இருக்குய்யா. மதுரைக்குக் கொண்டு போயிப் பாப்பமே" என்றார்.

"இருந்துச்சு மச்சான்" என்றார் அய்யா. "அந்தச் சீமைக்காரரு கையில இருந்துச்சு. அவரு செத்துப் போயிட்டாரு. நாங்கதான சாவடியில உக்காந்து கேட்டோம். மாலை போட்டுக் காலையும் கழுவியாச்சு."

"நெசமாவா?"

"பொஸ்தகத்துலயே வாசிச்சாகய்யா. பெறகு என்ன?"

மாமனுக்கு எழுத்துத் தெரியாது. புத்தகம் என்றதும் அவர் அடங்கிவிட்டார். "அப்ப சாமிதான் கதி" என்று சொல்லி அவரே முன்னால் நின்று மலையடி அய்யனார் கோயிலுக்குக் கூட்டிப்போனார். திருநீறு பூசி, கயிறு கட்டி, உப்பில்லாமல் சோறு போடச் சொன்னார்கள். போட்டோம்.

அந்த நேரம் சந்தானம் அண்ணன் ஊரில் இல்லை. சித்திரைத் திருவிழா நோட்டீஸ் அடிக்கிற காலம் அது. அச்சாபீஸில் ஞாயிறுகூட விடமாட்டார்கள். பங்குனி முழுக்கப் படிப்பகம் நடக்கவில்லை. ஆள் அனுப்பி அவரிடம் கேட்க வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. தெரியாததைத்தானே கேட்போம்? எங்களுக்குத் தெரியும் என்று நினைத்தோம்.

கடிவாய் ஆறியது. தழும்புகூடப் பெரிதாக இல்லை. ஆத்தாவுக்கு முகம் தெளிந்தது. பாண்டி பழையபடி ஓடினான், என் சடையைப் பிடித்து இழுத்தான், உப்புக் கேட்டுச் சண்டை போட்டான். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கக் கூட்டிப்போவதாக அய்யா சொல்லியிருந்தார். கள்ளழகர் குதிரையில் வருவதை அவன் பார்த்ததில்லை. முற்றத்தில் கிடந்த பலகை ஒன்றின்மேல் ஏறி உட்கார்ந்து குதிரை ஓட்டிக்கொண்டே இருப்பான்.

வண்டி கட்டிப் போனோம். போகும் வழியில் அவன் பேசவில்லை. தழும்பு குறுகுறுக்கிறது என்று மட்டும் சொன்னான். தண்ணீர் கொடுத்தோம், வேண்டாம் என்றான். வைகைக்கரையில் விடிந்துகொண்டிருந்தது. எள் போட்டால் விழாத கூட்டம். தோல்பையில் தண்ணீர் நிரப்பி அழகர்மேல் பீய்ச்சுகிறவர்கள் ஆடிக்கொண்டு வந்தார்கள். தண்ணீர் மேலே படவேண்டும் என்று எல்லாரும் முண்டியடிப்பார்கள். பாண்டி அய்யாவின் தோளில் இருந்தான். நாலு துளி அவன்மேல் விழுந்திருக்கும். அவன் கத்திய கத்தல் அவன் குரலில் இல்லை.

அய்யா அவனை இறக்கி முகத்தைப் பார்த்தார். தொண்டை இழுத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற ஒருவர் பார்த்துவிட்டு, தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விலகிப் போனார். அய்யா வேட்டியை அவிழ்த்து, துண்டோடு நின்று, அந்த வேட்டியால் பாண்டியை முகத்தோடு சேர்த்துப் போர்த்தினார். தண்ணீர் கண்ணில் படக்கூடாது என்று. ஆற்றைக் கடந்து வடகரைக்குப் போனால் பெரிய ஆஸ்பத்திரி. நாங்கள் வண்டியை மேற்கே திருப்பினோம். குதிரையை அவன் பார்க்கவில்லை.

வீடு வந்து சேர்ந்த பிறகு என்னை உள்ளே விடவில்லை. மாமன் வீட்டில் வைத்திருந்தார்கள். ஆத்தா கூப்பிட்டபோது எல்லாம் முடிந்திருந்தது. சின்னப் பிள்ளை என்பதால் புதைத்தார்கள். புதைத்துவிட்டு வந்தவர்கள் சாவடி அண்டாவில்தான் கால் கழுவினார்கள்.

அடுத்த ஞாயிறு சந்தானம் அண்ணன் வந்தார். திருவிழா வேலை முடிந்திருந்தது. விரல்களில் மை போகவில்லை. எங்கள் வீட்டு முற்றத்தில் அய்யாவுக்கு எதிரே உட்கார்ந்தார். அழுதார். சொல்லி அனுப்பியிருக்கக்கூடாதா சித்தப்பு என்றார்.

"சொல்லி என்னப்பா செய்ய?" என்றார் அய்யா. "அந்தச் சீமைக்காரரு உசுரோட இருந்திருந்தா எம் புள்ளை பிழைச்சிருப்பான். கொடுத்து வைக்கல."

அண்ணன் அழுகையை நிறுத்திவிட்டார். அய்யாவின் முகத்தையே பார்த்தார். ஆத்தா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அதைக் கையில் எடுத்தார், குடிக்காமல் கீழே வைத்தார். பிறகு எழுந்து, "வாரேன் சித்தப்பு" என்று சொல்லிப் போனார். அய்யா என்னிடம், "பாவம், பயலுக்குப் பாண்டி மேல உசுரு" என்றார். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

மறு வாரம் படிப்பகம் நடந்தது. யாருடைய வாரம் என்று நினைவில்லை. மாலை போட்டார்கள். அண்ணன் பலகையில் உட்கார்ந்து புத்தகத்தைக் கடைசியில் திறந்தார். அந்த மனிதர் இறந்த பிறகு என்ன நடந்தது என்பதை முதலில் வாசித்தார். அவர் தொடங்கியதை யார் எடுத்து நடத்தினார்கள், இப்போது எங்கே நடக்கிறது, போனால் யாரைப் பார்க்கலாம். அதை முடித்துவிட்டுத்தான் பிறந்த கதைக்கு வந்தார்.

அம்பலக்காரருக்குக் கோபம். "என்னப்பா இது, தொட்டிலுக்கு முன்னால பாடையத் தூக்கிட்டு வார?"

"இனிமே இப்பிடித்தான் மாமா வாசிப்பேன்."

"ஊரு வழக்கம் ஒண்ணு இருக்குல்ல."

"பிடிக்காதவுக எந்திரிச்சுப் போகலாம் மாமா."

அண்ணன் பெரியவர்களை எதிர்த்துப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அம்பலக்காரர் எழுந்து போனார். அவரோடு பாதிச் சாவடி போயிற்று. இருளாயி அத்தை போகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவள் கேள்வி கேட்பதில்லை. அய்யாவும் போகவில்லை. வாரம் தவறாமல் வந்தார். முன்பு படத்துக்கு நேரே உட்காருகிறவர், இப்போது கடைசித் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தார். அண்ணன் ஏன் இப்படி வாசிக்கிறார் என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. டவுன் காற்று பட்டுவிட்டது என்றார்கள்.

ஒருநாள் வாசிப்பு முடிந்து நானும் அய்யாவும் கண்மாய்க்கரை வழியாக வந்தோம். புளியமரத்தருகே அவர் நின்றார்.

"பேச்சி, செத்த பெறகும் இம்புட்டு நடக்குதே."

"ஆமாய்யா."

"அப்ப அந்த நாய்க்கடிக்காரரு பொஸ்தகத்துலயும் பின்னாடி ஏதாச்சும் இருந்திருக்குமோ?"

"தெரியலய்யா."

"சந்தானத்துக்கிட்டக் கேக்கலாம்" என்றார். கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும் என்று இருந்துவிட்டார் என இப்போது நினைக்கிறேன். அண்ணனும் தானாகச் சொல்லவில்லை. ஒரே சாவடியில் ஒருவர் வாசித்தார், ஒருவர் கேட்டார். சில வருடத்தில் அண்ணன் ஏதோ கூட்டத்தில் பேசிச் சிறைக்குப் போனார். வெளியே வந்தவர் வடக்கே எங்கோ போய்விட்டார் என்றார்கள். படிப்பகம் அதோடு நின்றது.

எனக்கு மதுரையில் கல்யாணமாயிற்று. என் மகனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வரும் வழியில் ஒரு நூல்நிலையம். ஒருநாள் உள்ளே போனேன். வாசலருகே ஒரு மேசையில் அந்த வாரத்துக்கு உரிய மனிதர்களின் படங்களை வைத்து, கீழே புத்தகங்களை அடுக்கியிருந்தார்கள். நாய்க்கடிக்காரர் இருந்தார். ஒரே தாடிதான். எழுத்துக்கூட்டி வாசிக்கிறவள் நான். கடைசித் தாளைப் புரட்டி, விரல் வைத்து வாசித்தேன். அவருக்குப் பிறகு அவர் சீடர்கள் தேசம் தேசமாக அந்த மருந்தைச் செய்தார்கள். நம் தேசத்திலும் மலைமேல் குன்னூரில் செய்து, பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பினார்கள். கடித்த உடனே போனால் பிழைக்கலாம் என்று போட்டிருந்தது. பிறகு ஆஸ்பத்திரிக்கே போய், வாசலில் இருந்த வயசான கம்பவுண்டரிடம் கேட்டேன். அந்த ஊசி இங்கே ரொம்பக் காலமாக உண்டே அம்மா என்றார்.

அய்யா அப்போது உயிரோடு இருந்தார். அந்த மாதம் ஊருக்குப் போயிருந்தேன். தோட்டத்தில் கமலை இறைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "டவுன்ல என்ன சேதி?" என்றார். "ஒண்ணுமில்லய்யா" என்றேன். அவர் மாட்டை ஓட்டினார். அவர் போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாகிவிட்டது. அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

இப்போது ஊரில் சாவடி இல்லை. அந்த இடத்தில் ரேஷன் கடை. அண்டாவை யார் எடுத்துப் போனார்களோ தெரியாது. நூல்நிலையத்தில் மட்டும் இன்னும் வாரத்துக்கு வாரம் படம் வைக்கிறார்கள். மாலை பிளாஸ்டிக். வாய்விட்டு வாசிக்க ஆளில்லை. வருகிறவர்கள் பேப்பர் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

இந்த வாரம் நாய்க்கடிக்காரர் வந்திருந்தார். புத்தகத்தை எடுத்தேன். முன்பு நான் வாசித்த பிரதி இல்லை, வேறு ஒன்று. அவர் சாகிற இடம் வரைக்கும் தாள்கள் விரல் பட்டு, எண்ணெய் ஏறி, முனை மடங்கிக் கிடந்தன. அதற்குப் பின்னே இருந்த இரண்டு தாளும் கை படாமல் வெள்ளையாக இருந்தன. ஒன்றோடொன்று ஒட்டியிருந்ததைப் பிரிக்க வேண்டியிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு வாசித்தேன்.

"பாட்டி, சத்தமில்லாம படிங்க" என்று மேசையிலிருந்த பெண் சொன்னாள்.

"இந்தா, முடிஞ்சிருச்சு தாயி" என்று சொல்லி மிச்சத்தையும் வாசித்தேன்.